எத்தனை குழந்தைகள் என்னும் தவறான கேள்வி

குழந்தை வளர்ச்சி மருத்துவம், நடத்தைச் சிகிச்சை, பேச்சு–மொழிச் சிகிச்சை ஆகிய துறைகளில் ஆய்வுத் திட்டம் ஒன்று முன்வைக்கப்படும்போது ஆய்வுக்குழுவின் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: எத்தனை குழந்தைகள்? மூன்று அல்லது நான்கு என்று விடை வந்தால் விவாதம் அங்கேயே முடிந்துவிடுகிறது. "முப்பதாவது வேண்டாமா?" என்பது ஒரு குரல். "இது ஆய்வன்று, நோயாளர் குறிப்பு" என்பது மற்றொரு குரல். நெறியாளர் மௌனம் காக்க, மாணவர் முப்பது குழந்தைகளைத் தேடிப் புறப்படுகிறார். அந்த முதற்கேள்வியே தவறானது. அறிவியலின் பெயரால் கேட்கப்பட்டு அது அறிவியலைக் கெடுக்கிறது. சிகிச்சைக்கு வந்த குழந்தையின் திரும்பக் கிடைக்காத மாதங்களையும் வீணடிக்கிறது.

மைசூரை எடுத்துக்கொள்ளலாம். 1960களின் நடுவில் தொடங்கப்பெற்ற அனைத்திந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனமும், 1969இல் தொடங்கப்பெற்ற இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் அந்நகரின் மானசகங்கோத்ரிப் பகுதியில் இயங்குகின்றன. பேச்சுக் குறைபாட்டை ஆராய்வோரும் மொழியமைப்பை ஆராய்வோரும் இவ்வளவு அருகில் இருக்கும் ஊர் இந்தியாவில் அரிது. அத்தகைய ஊரின் சிகிச்சை அறைக்கு வரக்கூடிய நான்கு வயதுக் குழந்தை ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். ஆட்டிசம் என்று கண்டறியப்பட்ட குழந்தை. பேசும் சொற்கள் பத்துக்கும் குறைவு. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், மழலையர் பள்ளியில் ஆங்கிலம், தொலைக்காட்சியில் இந்தி. அடுத்த அறையில் இருக்கும் குழந்தைக்கு வீட்டுமொழி உருது. அதற்கடுத்த குழந்தை கூடலூரிலிருந்து வருவது. அதன் காதில் தமிழும் மலையாளமும் சேர்ந்தே விழுகின்றன. ஒருவருக்குக் கேட்டல் குறைவு உண்டு, மற்றவருக்கு இல்லை. ஒருவர் வலிப்புக்கு மருந்து உட்கொள்கிறார், மற்றவருக்கு அது தேவைப்படவில்லை.

இச்சூழலில் ஒரே தன்மையுடைய முப்பது குழந்தைகள் ஒரு மாணவரின் மூன்றாண்டுக் காலத்துக்குள் எங்கிருந்து கிடைப்பார்கள்? கிடைக்க மாட்டார்கள் என்பது ஆய்வுக்குழுவுக்கும் தெரியும். அதனால் வரையறைகள் தளர்த்தப்படுகின்றன. மூன்று வயதுக் குழந்தையும் ஏழு வயதுக் குழந்தையும் ஒரே குழுவில் சேர்க்கப்படுகின்றனர். வீட்டுமொழி என்னும் கட்டத்தில் "பல" என்று எழுதப்படுகிறது. சிகிச்சைக்கு முன் ஒருமுறை, மூன்று மாதம் கழித்து ஒருமுறை அளவீடு எடுக்கப்படுகிறது. இரு சராசரிகளுக்கு இடையே ஒரு டி-சோதனை நடத்தப்படுகிறது. பத்துக் குழந்தைகள் முன்னேறி, பதின்மூவர் இருந்த இடத்திலேயே இருந்து, எழுவர் சற்றுப் பின்தங்கினாலும் சராசரி மேலேறியிருக்கக்கூடும். "சிகிச்சை பயனளிக்கிறது" என்று ஆய்வேடு முடிகிறது. பின்தங்கிய எழுவரும் திட்டவிலக்கம் என்னும் எண்ணுக்குள் கரைந்துபோகின்றனர்.

முப்பது என்னும் எண்ணின் யோக்கியதை என்ன? மாதிரிச் சராசரிகளின் பரவல் இயல்நிலைப் பரவலை நெருங்குவதற்குப் பாடநூல்கள் சொல்லும் கைக்கணக்கு அது. சிகிச்சையின் விளைவைக் கண்டுபிடிக்கும் ஆற்றலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. நடுத்தர அளவிலான விளைவு, அதாவது திட்டவிலக்கத்தில் பாதியளவு வேறுபாடு, உண்மையிலேயே இருப்பதாகக் கொள்வோர் அதனை 80 விழுக்காடு வாய்ப்புடன் கண்டறிய வேண்டுமானால் ஒவ்வொரு குழுவிலும் ஏறத்தாழ 64 பேர் வேண்டும், மொத்தம் 128. முப்பது குழந்தைகளைப் பதினைந்து பதினைந்தாகப் பிரித்தால் அவ்விளைவு கண்ணில் படும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். "மூன்று போதாது" என்று சொல்லும் குழு, முப்பதும் போதாது என்பதைச் சொல்லுவதில்லை. புள்ளியியல் கடுமை என்று காட்டப்படுவது உண்மையில் வழக்கத்தின் கடுமை.

இனி, நிராகரிக்கப்படும் முறை எது என்பதைப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் சிங்கிள்-கேஸ் டிசைன் எனப்படுவதைத் தமிழில் ஒற்றைநேர்வு ஆய்வு வடிவமைப்பு எனலாம். நோயாளர் குறிப்பு வேறு, ஒற்றைநேர்வு ஆய்வு வேறு. நோயாளர் குறிப்பு நிகழ்ந்ததை விவரிக்கிறது. ஒற்றைநேர்வு ஆய்வு ஒரு மாற்றத்தைத் திட்டமிட்டு நிகழ்த்தி, அது நிகழ்ந்த காரணத்தைச் சோதிக்கிறது. அங்கே குழந்தை தனக்குத்தானே ஒப்பீடாக அமைகிறது. தலையீட்டுக்கு முன் பலமுறை அளந்து அடிநிலை நிறுவப்படும். பின்னர் தலையீடு தொடங்கப்படும். அதன்போதும் பலமுறை அளக்கப்படும். தலையீடு வந்தபோது மட்டும் மாற்றம் வந்ததா, அது மீண்டும் மீண்டும் அவ்வாறே நிகழ்ந்ததா என்பதே கேள்வி. குழு ஆய்வில் சான்றின் வலிமை குழந்தைகளின் எண்ணிக்கையிலிருந்து பிறக்கிறது. ஒற்றைநேர்வு ஆய்வில் அது அளவீடுகளின் எண்ணிக்கையிலிருந்தும், விளைவு எத்தனை முறை மீண்டு நிகழ்ந்தது என்பதிலிருந்தும் பிறக்கிறது. முன்னதன் அளவுகோலால் பின்னதை அளப்பது, படியைக் கொண்டு துணி அளப்பதற்கு ஒப்பாகும்.

இந்த முறைக்கு முன்னோர் இல்லை என்று எவரும் சொல்ல இயலாது. மரி சிட்மன் 1960இல் எழுதிய நூல் இதன் தருக்கத்தை விரித்துரைத்தது. 1964இல் வுல்ஃப், ரிஸ்லி, மீஸ் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வில் இருந்த குழந்தை ஒன்றே. மூன்றரை வயது, ஆட்டிசம், கண்புரை அறுவைக்குப் பின் கண்ணாடி அணியாவிட்டால் பார்வையே பறிபோகும் நிலை. படிப்படியான பயிற்சியால் அக்குழந்தை கண்ணாடி அணியக் கற்றது. அவ்வாய்வில் கையாளப்பட்ட தனிமைப்படுத்தல் போன்ற வழிகள் இன்றைய அறநெறிக்கு ஒவ்வாதவை; அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் குழந்தையின் நடத்தை நாள்தோறும் எண்ணப்பட்டு, தலையீட்டோடு அது எவ்வாறு மாறியது என்று காட்டப்பட்டமையே பின்வந்த ஒரு துறைக்கு அடித்தளமாயிற்று. 1968இல் பேயர், வுல்ஃப், ரிஸ்லி ஆகியோர் எழுதிய கட்டுரை, தலையீட்டை விலக்கி மீண்டும் அளிக்கும் வடிவத்தையும், பல அடிநிலைகளைக் கொண்ட வடிவத்தையும் வரையறுத்தது.

மருத்துவமும் இதற்கு அயலானதன்று. 1986இல் கார்டன் கயட்டும் அவருடைய குழுவினரும் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரே நோயாளரிடம் சமவாய்ப்பு முறையில் மருந்தையும் போலிமருந்தையும் மாற்றி மாற்றி அளித்துச் சோதிக்கும் முறையை விளக்கினர். ஆக்ஸ்ஃபோர்டு சான்றுசார் மருத்துவ மையம் 2011இல் வெளியிட்ட சான்றுநிலை அட்டவணையில், சிகிச்சை பயன்தருமா என்னும் கேள்விக்கான முதல் நிலையில் இரண்டு வைக்கப்பட்டுள்ளன: சமவாய்ப்புச் சோதனைகளின் முறைசார் தொகுப்பாய்வு, ஒருநபர்ச் சோதனைகளின் முறைசார் தொகுப்பாய்வு. இரண்டும் ஒரே படியில் நிற்கின்றன. சான்றுப் பிரமிடு ஒன்றைத் திரையில் காட்டி "உங்கள் ஆய்வு அடித்தட்டில் இருக்கிறது" என்று மாணவரிடம் சொல்வோர் இந்த அட்டவணையை ஒருமுறையேனும் வாசித்திருக்க வேண்டாமா?

மொழியியலாளர் இதில் கூடுதலாக வியப்படைய இடமுண்டு. ராஜர் பிரவுன் 1973இல் வெளியிட்ட நூல் குழந்தை மொழி ஆய்வின் தூண்களுள் ஒன்று. ஆங்கிலக் குழந்தை பதினான்கு இலக்கண உருபன்களை எந்த வரிசையில் பெறுகிறது என்பது அந்நூலின் புகழ்பெற்ற முடிவு. சராசரிக் கூற்றுநீளம் என்னும் அளவையை உலகெங்கும் உள்ள சிகிச்சை அறைகளுக்குக் கொண்டுசேர்த்ததும் அதுவே. அந்நூல் எத்தனை குழந்தைகளைக் கொண்டு எழுதப்பட்டது? ஆடம், ஈவ், சாரா என்று பெயரிடப்பட்ட மூவரைக் கொண்டு. அது தலையீட்டு ஆய்வன்று, நெடுங்காலக் கவனிப்பு ஆய்வு என்பது உண்மையே. ஆனால் மூன்று குழந்தைகளைப் பலநூறு மணிநேரம் கேட்பதால் கிடைக்கும் அறிவு, முந்நூறு குழந்தைகளை ஒருமுறை கேட்பதால் கிடைக்காது என்பதை அந்நூல் ஐம்பது ஆண்டுகளாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. அந்நூலின் அளவையை மேற்கோள் காட்டும் அதே குழு, மூன்று குழந்தைகள் போதாது என்கிறது.

ஒற்றைநேர்வு வடிவங்கள் அனைத்தும் எல்லாவற்றுக்கும் பொருந்தா. கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாட்டுக்கு அளிக்கப்படும் ஊக்கிமருந்து விரைவில் உடலைவிட்டு நீங்கும்; ஆகவே மருந்து நாள், போலிமருந்து நாள் என்று மாற்றி மாற்றிச் சோதிக்கலாம். மொழி அவ்வாறன்று. ஒரு சொல்லைக் கற்ற குழந்தையிடமிருந்து அச்சொல்லைத் திரும்பப் பெற இயலாது, பெறவும் கூடாது. குழந்தை வளரவும் செய்கிறது. சிகிச்சை இல்லாமலேயே சில மாற்றங்கள் வரும். எனவே இங்கே பல அடிநிலை வடிவமே தகுந்தது. ஒரு குழந்தையிடம் மூன்று மொழிக்கூறுகள் தேர்ந்தெடுக்கப்படும். மூன்றும் வாரந்தோறும் அளக்கப்படும். முதற்கூறு மட்டும் முதலில் கற்பிக்கப்படும், அது உயர்ந்தபின் இரண்டாவது, பின்னர் மூன்றாவது. ஒவ்வொரு கோடும் தன் முறை வந்தபோது மட்டுமே உயர்ந்தால், "குழந்தை தானாக வளர்ந்தது" என்னும் விளக்கம் நிற்காது. வளர்ச்சி சிகிச்சையாளரின் அட்டவணையைப் பார்த்து நடப்பதில்லை.

இந்த இடத்தில்தான் மொழியியல் தேவைப்படுகிறது. இந்த இடத்தில்தான் பெரும்பாலான திட்டங்கள் அதை மறக்கின்றன. தேர்ந்தெடுக்கும் மூன்று கூறுகளும் ஒன்றையொன்று சாராதவையாக இருத்தல் வேண்டும். ஒன்றைக் கற்பிக்கும்போது மற்றொன்றும் உயர்ந்துவிட்டால் வடிவமே குலைந்துவிடும். கன்னடத்தில் "மர" என்னும் சொல் வேற்றுமை ஏற்கும்போது மரவன்னு, மரக்கெ, மரதல்லி என்று மூன்று வெவ்வேறு வழிகளில் அமைகிறது. தமிழில் மரத்தை, மரத்துக்கு, மரத்தில் ஆகிய மூன்றும் அத்துச் சாரியை பெற்ற ஒரே அடியின்மேல் நிற்கின்றன. இரண்டாம், நான்காம், ஏழாம் வேற்றுமைகளை மூன்று தனிக்கூறுகளாகக் கொண்ட ஒரு கன்னடத் திட்டத்தை அப்படியே தமிழ்க் குழந்தைக்குப் பெயர்த்தால், "மரத்துக்கு" கற்ற குழந்தை "மரத்தில்" என்பதில் பாதியைத் தானாகவே பெற்றுவிட வாய்ப்புண்டு. வரைபடத்தில் கற்பிக்காத கோடும் எழும். அது வளர்ச்சியா, கசிவா என்று எவராலும் பிரித்துச் சொல்ல இயலாது. தமிழ்க் குழந்தைக்கு வேற்றுமை உருபு ஒன்று, எதிர்மறை ஒன்று, "எங்கே" போன்ற வினாச்சொல் ஒன்று என்று வேறுவேறு இலக்கண வட்டாரங்களிலிருந்து கூறுகளைத் தேர்வதே முறை. மாதிரி அளவைப் பற்றி அரைமணிநேரம் பேசும் குழுக்கள், இதைப் பற்றி ஒரு நிமிடமேனும் பேசுவதுண்டா?

எண்ணுவதிலும் இதே சிக்கல் இருக்கிறது. "வரமாட்டேன்" என்பது சொற்கணக்கில் ஒன்று. உருபன் கணக்கில் ஒன்றுக்கு மேல். ஆங்கிலத்துக்கு அமைந்த கூற்றுநீள அளவையைச் சொற்கணக்காக மாற்றித் தமிழுக்குப் பயன்படுத்தினால், ஓட்டுமொழியின் வளர்ச்சி கண்ணில் படாமலே போகும். மைசூரில் வளரும் தமிழ்க் குழந்தை "நீரு வேணும்" என்கிறது. பெயர்ச்சொல் தெருவிலிருந்து வந்தது, வினை வீட்டிலிருந்து வந்தது. இதனைச் சரி என்று எண்ணுவதா, தவறு என்று எண்ணுவதா? முதல் வாரத்தில் ஒரு விடையும் எட்டாவது வாரத்தில் வேறொரு விடையும் அளித்தால் வரைபடத்தில் தெரியும் முன்னேற்றம் குழந்தையுடையதன்று, எண்ணியவருடையது. ஆகவே எண்ணும் விதி முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். இரண்டாமவர் ஒருவர் தனியே எண்ண வேண்டும். முப்பது குழந்தைகளை இருமுறை அளக்கும் ஆய்வில் இத்தகைய பிழை சராசரிக்குள் ஒளிந்துகொள்ளும். மூன்று குழந்தைகளை முப்பதுமுறை அளக்கும் ஆய்வில் அதற்கு ஒளிந்துகொள்ள இடமில்லை.

குற்றம் முழுவதையும் ஆய்வுக்குழுக்களின்மேல் சுமத்துவது நேர்மையாகாது. ஒற்றைநேர்வு என்னும் பெயரைத் தாங்கி உலவும் கட்டுரைகளுள் பல அப்பெயருக்கு உரியவையல்ல. சிகிச்சைக்கு முன் ஒரு மதிப்பெண், பின் ஒரு மதிப்பெண், நடுவில் குழந்தையின் புன்னகை பற்றி ஒரு பத்தி என்பன ஆய்வாகா. பெற்றோர் பெரும்பாலும் குழந்தையின் நிலை மிக மோசமாகத் தெரியும் நாளில்தான் சிகிச்சை அறைக்கு வருகின்றனர். அந்நாளில் எடுக்கப்பட்ட ஒரே அளவீட்டை அடிநிலை என்று கொண்டால், எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த அளவீடு மேம்பட்டே தெரியும். ஒற்றைநேர்வு ஆய்வு எளிது, விரைவில் முடியும், ஒழுங்குக்குழு அனுமதி இலகு என்று எண்ணித் தேர்ந்தெடுப்போர், அம்முறையை எதிர்ப்போரைவிட அதற்கு அதிகக் கேடு விளைவிக்கின்றனர்.

ஏனெனில் இம்முறையின் விதிகள் கடுமையானவை. 2010இல் அமெரிக்கக் கல்வித்துறையின் வாட் வொர்க்ஸ் கிளியரிங்ஹவுஸ் வெளியிட்ட நெறிகள், விளைவு குறைந்தது மூன்று வெவ்வேறு காலப்புள்ளிகளில் காட்டப்பட வேண்டும் என்றன. நெறிகளை முழுமையாக நிறைவுசெய்ய ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்து அளவீடுகள் வேண்டும் என்றன. ஒவ்வொரு கட்டத்திலும் குறைந்தது 20 விழுக்காடு அளவீடுகளை இரண்டாமவர் தனியே மதிப்பிட வேண்டும் என்றன. 2005இல் ஹார்னரும் அவருடைய குழுவினரும் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். ஒரு சிகிச்சைமுறை சான்றுடையது என்று சொல்லக் குறைந்தது ஐந்து ஆய்வுகள், மூன்று வெவ்வேறு இடங்களில் மூன்று வெவ்வேறு ஆய்வாளர்கள், மொத்தம் இருபது பங்கேற்பாளர்கள் வேண்டும் என்பது அவர்கள் வகுத்த அளவு. 2016இல் வெளியான ஸ்கிரைப் அறிக்கைநெறி 26 கூறுகளைக் கொண்ட பட்டியலைத் தந்தது. பொதுமைப்படுத்தல் எங்கே என்று கேட்போருக்கு விடை இங்கேயே இருக்கிறது. மூன்று குழந்தைகளைக் கொண்ட ஓர் ஆய்வு பொதுமை கோருவதில்லை. மைசூரில் ஒன்று, சென்னையில் ஒன்று, வேலூரில் ஒன்று என்று அதே விதிகளோடு மீண்டும் செய்யப்படும்போது பொதுமை படிப்படியாக ஈட்டப்படுகிறது.

வேறு இரண்டு மறுப்புகள் வலுவானவை. அவற்றைத் தட்டிக்கழிக்கக் கூடாது. முதலாவது, வரைபடத்தைக் கண்ணால் பார்த்து முடிவுசெய்வதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு வருகிறது என்பது. இது மெய். இதற்கு மருந்து சமவாய்ப்பு. மூன்று குழந்தைகளுள் ஒவ்வொருவருக்கும் தலையீடு தொடங்கத்தக்க ஐந்து நாள்களை முன்கூட்டிக் குறித்து, அவற்றுள் ஒன்றைக் குலுக்கலில் எடுத்தால் 125 சேர்க்கைகள் உண்டாகின்றன. உண்மையில் நிகழ்ந்த சேர்க்கையே மற்ற 124ஐயும்விடப் பெரிய மாற்றத்தைக் காட்டினால் அது தற்செயலாக நிகழும் வாய்ப்பு 125இல் ஒன்று, அதாவது 0.008. மூன்று குழந்தைகளிடமிருந்து முறையான புள்ளியியல் சோதனை ஒன்று கிடைத்துவிட்டது. இரண்டாவது மறுப்பு, வெற்றிபெற்ற நேர்வுகள் மட்டுமே அச்சேறுகின்றன என்பது. இதுவும் மெய். ஆனால் குழு ஆய்வுகளும் இந்நோய்க்குத் தப்பியவையல்ல. திட்டத்தை முன்பதிவு செய்வதும், மாறாத கோடுகளையும் ஆய்வேட்டில் ஏற்பதுமே வழி. மாறாத கோட்டைக் கொண்டுவந்த மாணவருக்குப் பட்டம் மறுக்கும் துறை, இந்த மறுப்பை எழுப்பும் தகுதியை இழந்துவிடுகிறது.

குழு ஆய்வுகள் வேண்டாம் என்பது இங்கே வாதமன்று. 2016இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வெளியான பாஸ் ஆய்வு, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பட்ட சமவாய்ப்புச் சோதனை. பயிற்சிபெற்ற, ஆனால் சிறப்பு வல்லுநரல்லாத சுகாதாரப் பணியாளர்கள் பெற்றோர்வழிச் சிகிச்சையை அளித்தால் பெற்றோர்–குழந்தை உறவாடல் மேம்படுமா என்னும் கேள்விக்கு அது தெளிவான விடை தந்தது. கொள்கை வகுப்போருக்கு அந்த விடை வேண்டும். ஆனால் சிகிச்சை அறையில் அமர்ந்திருக்கும் தாயின் கேள்வி வேறு: இந்தக் குழந்தைக்கு இது பயன்படுகிறதா, தொடரலாமா, நிறுத்தலாமா? அக்கேள்விக்குச் சராசரி விடை சொல்லாது. மறுபுறம், குழு என்னும் அமைப்பு மட்டுமே தரத்துக்கு உறுதியுமன்று. ஆட்டிசச் சிகிச்சையில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் லோவாஸின் 1987ஆம் ஆண்டு ஆய்வில் தீவிரச் சிகிச்சை பெற்றோர் 19 பேர்; குழந்தைகள் குழுக்களுக்குச் சமவாய்ப்பு முறையில் ஒதுக்கப்படவில்லை. அந்த ஆய்வை நம்பி எத்தனையோ குடும்பங்கள் வாரம் நாற்பது மணிநேரச் சிகிச்சைக்குச் செலவழித்தன.

பொய்யைத் தடுப்பதில் ஒற்றைநேர்வுத் தருக்கம் ஆற்றிய பணியையும் நினைவிற்கொள்ள வேண்டும். 1990களின் தொடக்கத்தில், பேசாதோரின் கையை மற்றொருவர் தாங்கிப் பிடிக்க, அவர்கள் எழுத்துப் பலகையில் தட்டச்சிடுகின்றனர் என்னும் உதவித் தொடர்புமுறை அமெரிக்காவில் பரவியது. பெற்றோர் கண்ணீர் மல்கினர். சோதனை மிக எளிதாக இருந்தது. பங்கேற்பாளருக்கு ஒரு படமும் உதவியாளருக்கு வேறொரு படமும் காட்டப்பட்டன. 1993இல் வெளியான ஆய்வொன்றில் பங்கேற்ற 12 பேருள் ஒருவர்கூட, உதவியாளர் பார்க்காத படத்தின் பெயரைச் சரியாகத் தட்டச்சிடவில்லை. உதவியாளர் பார்த்த படத்தின் பெயரே சில வேளைகளில் வந்தது. ஒவ்வொருவரும் தமக்குத்தாமே ஒப்பீடு. ஒவ்வொருவரிடமும் பலமுறை சோதனை. ஆயிரம் பேர் தேவைப்படவில்லை. 1994இல் அமெரிக்க உளவியல் சங்கம் அம்முறைக்குச் சான்றில்லை என்று தீர்மானித்தது. 2018இல் அமெரிக்கப் பேச்சு–மொழி–கேட்டல் சங்கமும் அதனைப் பயன்படுத்தலாகாது என்றது. ஆட்டிசத்துக்கு அற்புதத் தீர்வு என்று விளம்பரம் செய்வோர் இந்தியாவில் பெருகிவரும் காலத்தில், ஒரே குழந்தையிடம் ஒரு கூற்றைச் சோதித்துப் பார்க்கும் பயிற்சியைச் சிகிச்சையாளருக்கு மறுப்பது யாருக்கு ஆதாயம்?

"இத்தனை அளவீடுகள் நடைமுறையில் இயலுமா?" என்பது கடைசியாக எழும் கேள்வி. கூடலூரிலிருந்து மைசூருக்கு வரும் குடும்பம், பந்திப்பூர்க் காட்டுவழி இரவு 9 மணிக்கு மூடப்படுவதற்குள் திரும்பியாக வேண்டும். அக்குடும்பத்தை வாரம் மூன்றுமுறை வரச்சொல்வது கொடுமை. ஆனால் அளவீட்டுக்காகக் குழந்தை பயணம் செய்ய வேண்டிய தேவை இல்லை. சாப்பாட்டு வேளையில் தாய் தம் கைபேசியில் பதிவுசெய்யும் பத்து நிமிட உரையாடல் ஓர் அளவீட்டுப் புள்ளியாகலாம். அறிமுகமற்ற அறையில் மேசைக்கு எதிரே அமர்த்தி எடுக்கப்படும் மதிப்பெண்ணைவிடக் குழந்தையின் மொழியை அது மெய்யாகக் காட்டவும் கூடும். அப்பதிவை எண்ணும் விதியை வகுக்க மொழியியலாளரும், தலையீட்டை வகுக்கச் சிகிச்சையாளரும் ஒரே ஆய்வேட்டில் இணைநெறியாளராக அமர்வதற்கு மைசூரைவிட வசதியான ஊர் இல்லை.

ஆகவே ஆய்வுக்குழுக்கள் தம் முதற்கேள்வியை மாற்றட்டும். எத்தனை குழந்தைகள் என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள் உள்ளன. அளக்கப்படும் மொழிக்கூறு அல்லது நடத்தை எது, அதனை இரண்டாமவர் தனியே எண்ணுவாரா? ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்து அளவீடுகளேனும் உண்டா? விளைவு மூன்று இடங்களிலேனும் மீண்டு காட்டப்படுமா, அவை ஒன்றையொன்று சாராதவையா? தலையீடு தொடங்கும் நாளைத் தீர்மானிப்பது ஆய்வாளரின் விருப்பமா, குலுக்கலா? கோடு மாறாவிட்டாலும் ஆய்வேடு ஏற்கப்படுமா? இந்த ஐந்துக்கும் விடையுள்ள மூன்று குழந்தைகளின் ஆய்வு, இவற்றுள் ஒன்றுக்கும் விடையில்லாத முப்பது குழந்தைகளின் ஆய்வைவிட மேலானது. விடையில்லாத மூன்று குழந்தைகளின் ஆய்வை நிராகரிக்கவும் இதே ஐந்து கேள்விகள் போதும்.

மாணவர்க்கும் ஒரு கடமை உண்டு. ஆய்வு முடிந்தபின் வரைபடத்தின் படியொன்று அக்குழந்தையின் பெற்றோர் கைக்குச் செல்ல வேண்டும்; எந்த வாரம் எது தொடங்கப்பட்டது, எந்தக் கோடு உயர்ந்தது, எது உயரவில்லை என்று அவர்களுடைய மொழியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அடுத்த சிகிச்சையாளரிடம் செல்லும்போது, "மூன்று மாதம் போனோம், ஏதோ பரவாயில்லை" என்று சொல்வதற்குப் பதிலாக அந்தத் தாள் அவர்கள் கையில் இருக்கும். முப்பது குழந்தைகளின் சராசரியை எந்தத் தாயிடமும் அவ்வாறு கொடுத்தனுப்ப முடியாது.